பெருமீன்களில் டெக்னீசியம்

விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் நூற்றுக்கணக்கான கருங்கோடுகள் தெரியும். வெளி அடுக்கிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சுவதால் விழும் கோடுகள் இவை. கோடு விழுந்த இடம், தனிமம் எதுவென்று காட்டும். கோட்டின் வலிமையை வளிமண்டலத்தின் வெப்பநிலை, அடர்த்தியோடு சேர்த்துக் கணக்கிட்டால் அளவும் தெரிந்துவிடும்.

சூரியன் போன்ற விண்மீனில் இந்தக் கணக்கு, பெரும்பாலும் அது பிறந்த வாயு மேகத்தின் கணக்குதான். மையத்தில் உருவாவது மேலே வருவதில்லை. மையத்து ஹைட்ரஜன் தீர்ந்து, விண்மீன் உப்பிச் செம்பெருமீன் ஆகும்போது வெளியுறையின் வெப்பச்சலனம் ஆழம்வரை இறங்கி, உள்ளே சமைந்ததை மேலே கொண்டுவருகிறது. அப்படி மேலே வரும் பொருளில் கார்பன்-13இன் பங்கு அதிகம். சூரியனில் ஒரு கார்பன்-13 அணுவுக்குச் சுமார் 90 கார்பன்-12 அணுக்கள் உண்டு. சுவாதி என்னும் பெருமீனில் பத்துக்கும் குறைவு.

இதைவிட அழுத்தமான சாட்சி 1952இல் கிடைத்தது. அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தைச் சேர்ந்த பால் மெரில், சிர்கோனியம் மிகுந்த எஸ் வகைப் பெருமீன்கள் சிலவற்றின் நிறமாலையில் டெக்னீசியத்தின் கோடுகளைக் கண்டார். 1937இல் இத்தாலியின் பலெர்மோ நகரில், சைக்ளோட்ரானில் அடிபட்ட மாலிப்டினத் தகட்டிலிருந்து முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட தனிமம் அது. அதற்கு நிலையான ஐசோடோப்பே கிடையாது. நீண்ட ஆயுள் கொண்ட ஐசோடோப்பின் அரை ஆயுளே சுமார் 42 லட்சம் ஆண்டுகள்தான். இந்த விண்மீன்களின் வயதோ அதைப்போல் பல மடங்கு. பிறக்கும்போதே டெக்னீசியம் இருந்திருந்தால் எப்போதோ சிதைந்து போயிருக்கும். ஆகவே அண்மையில், அந்த விண்மீனுக்குள்ளேயே அது உருவாகியிருக்க வேண்டும். விண்மீன்கள் கன தனிமங்களை உருவாக்குகின்றன என்பதற்கு இத்தனை நேரடியான சான்று வேறில்லை என்றே சொல்வேன்.

உருவாகும் விதம் நிதானமானது. முதிர்ந்த பெருமீனில், கார்பன்-13 ஹீலியத்தோடு வினைபுரியும்போது நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன. இரும்பு போன்ற அணுக்கருக்கள் அவற்றை ஒவ்வொன்றாக விழுங்குகின்றன. விழுங்கிய நியூட்ரான் சில சமயம் புரோட்டானாக மாறும். அப்போது கரு அடுத்த தனிமமாகிவிடும். இப்படியே சிர்கோனியம், டெக்னீசியம், பேரியம் என்று வரிசை ஏறுகிறது.

டெக்னீசியமே இல்லாத எஸ் வகை விண்மீன்களும் இருக்கின்றன. அவற்றிலுள்ள சிர்கோனியம் சொந்தச் சரக்கல்ல. இணையாகச் சுற்றிவந்த மூத்த பெருமீன் ஒன்று தன் வெளியுறையை உதிர்த்தபோது வந்து சேர்ந்தது. கொடுத்த விண்மீன் இன்று வெண்குறுமீனாகச் சுருங்கிக் கிடக்கிறது. கூடவே வந்த டெக்னீசியம் அதற்குள் சிதைந்துவிட்டது.