டயருக்கும் பதம் உண்டு

2013 அக்டோபர் 20, ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவு. மோட்டோஜிபி பந்தயம் பாதியில் இருந்தபோது வீரர்கள் ஒவ்வொருவராகப் பாதையைவிட்டு உள்ளே வந்தார்கள். ஓட்டிவந்த பைக்கை அங்கேயே விட்டுவிட்டு, புது டயரோடு தயாராக நின்ற இன்னொரு பைக்கில் தாவி ஏறிப் பறந்தார்கள். மழைக்காக அல்ல. அந்தப் பந்தயத்துக்கு முன் பாதைக்குப் புதுத் தார் போட்டிருந்தார்கள். அதன் சொரசொரப்பில் பின் டயர் அளவுக்கு மீறிச் சூடேறிக் கொப்பளித்தது. அதனால் 27 சுற்றுப் பந்தயம் 19 ஆகக் குறைந்தது. ஒரு டயரில் பத்துச் சுற்றுக்கு மேல் ஓடக் கூடாது என்று விதியும் வந்தது. கணக்குத் தவறிப் பதினோராவது சுற்றின் முடிவில் உள்ளே வந்த மார்க் மார்க்கெஸைத் தகுதிநீக்கம் செய்தார்கள். இன்னொரு வீரரான லொரென்ஸோ வென்றார்.

பத்துச் சுற்று என்றால் சுமார் 44 கிலோமீட்டர். சென்னையில் கிளம்பினால் ஸ்ரீபெரும்புதூரைத் தொடுகிற தூரம். உலகத்தின் உச்சப் பந்தயத்துக்காகவே வார்த்த டயர் அன்று தாங்கியது அவ்வளவுதான். "ரேஸ் டயர் போட்டால் பைக் ரோட்டோடு ஒட்டிக்கொள்ளும்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தப் பந்தயம்தான் ஞாபகம் வரும்.

ஒட்டிக்கொள்ளும் என்பது பொய்யில்லை. எப்போது ஒட்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ரப்பர் சாலையைப் பிடிப்பது இரண்டு வகையில். முதலாவது, ரப்பரின் மூலக்கூறுகள் சாலைப் பரப்போடு நேரடியாக ஒட்டுவது. இதற்குக் காய்ந்த, சுத்தமான தரை வேண்டும். இரண்டாவது இன்னும் சுவாரசியமானது. சாலையில் துருத்திக்கொண்டிருக்கும் ஜல்லிமுனைகள்மேல் ரப்பர் அமுங்கி நெளிகிறது; நெளிந்தது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை, கொஞ்சம் சோம்பலாகத் திரும்புகிறது. அந்தத் தாமதத்தில் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. அந்த வீணாதல்தான் பிடிப்பு. ஈரச் சாலையில் முதல் வகை ஏறக்குறையக் கைவிட்டுவிட, இரண்டாவதுதான் நம்மைத் தாங்குகிறது.

சோம்பல் எவ்வளவு என்பது சூட்டைப் பொறுத்தது. வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஆறினால் இறுகி உடைகிறது, சூடு கூடினால் ஓடுகிறது, நடுவில் ஒரு பதத்தில்தான் உருண்டை பிடிக்க வருகிறது. ஸ்லிக் எனப்படும் வரிப்பள்ளமில்லாத பந்தய டயரின் பதம் ஏறக்குறைய 80 முதல் 100 டிகிரி செல்சியஸ். மோட்டோஜிபி பின் டயர்கள் நூறையும் தாண்டும். அதனால்தான் பந்தயத்துக்கு முன் டயருக்கு மின்சாரப் போர்வை சுற்றிச் சூடேற்றி வைக்கிறார்கள். அந்தச் சூட்டைப் பிறகு அணையாமல் காப்பது ஓட்டுபவரின் வேலை: 300 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக் பிடிப்பது, அறுபது டிகிரி சாய்வது, திருப்பத்திலிருந்து ஆக்ஸிலேட்டரைத் திருகி வெளியேறுவது. இதெல்லாம் டயரைப் பிசைந்துகொண்டே இருக்கிறது.

நம் சாலையில் யார் பிசைவது? சிக்னலில் நிற்கும்போதே டயர் ஆறத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் தார் 60 டிகிரி வரை கொதிக்கிறதே என்று கேட்கலாம். கொதிப்பது மேல்பரப்பு. பந்தய ரப்பருக்கு அந்தச் சூடும் போதாது, உள்ளே கட்டமைப்பு வரை சூடாக வேண்டும். ஒரு கோடை மழை பெய்தால் இருக்கிற சூடும் போய்விடும். பதம் தப்பிய ஸ்லிக் அப்போது விறைத்த ரப்பர் உருளை. அதில் தண்ணீரை வெளியேற்ற ஒரு வரிப்பள்ளம்கூட இல்லை. பார்வைக்கு அது மொட்டை டயர்தான். தேய்ந்து மொட்டையானதோ பிறவி மொட்டையோ, பொதுச்சாலைக்குச் சட்டம் இரண்டையும் அனுமதிப்பதில்லை.

சாலை டயரைச் செய்பவரின் சிக்கல் வேறு. விடியற்காலைக் குளிரிலும் முதல் திருப்பத்திலேயே பிடிக்க வேண்டும், பல ஆயிரம் கிலோமீட்டர் உழைக்க வேண்டும், பெட்ரோலும் குடிக்கக் கூடாது. பிடிப்புக்கு ஆற்றல் வீணாக வேண்டும், மைலேஜுக்கு வீணாகக் கூடாது. இந்த முடிச்சை அவிழ்த்தது சிலிக்கா. 1992இல் மிஷ்லின் கார் டயரில் கரித்தூளுக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்காவைச் சேர்த்தது. உருளும்போது ஏற்படும் மெதுவான நெளிவில் இழப்பு குறைவு, வழுக்கும்போது ஏற்படும் அதிவேக நெளிவில் இழப்பு அதிகம். ஒரே ரப்பர் இரண்டு குணம் காட்டியது. அந்த நுட்பம் பைக் டயருக்கும் வந்து சேர்ந்தது. பல சாலை டயர்களில் நடுவில் கடினமான ரப்பரும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் வைக்கிறார்கள். ஹைவேயில் தேய்வது நடுப்பகுதி, வளைவில் பிடிப்பது ஓரம். என் கணக்கில் ஸ்லிக்கைவிட இதுதான் பெரிய பொறியியல் சாதனை. டிவியில் காட்ட மாட்டார்கள், அவ்வளவுதான்.

பந்தயத்தில் கழற்றிய டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்களுக்கு ஒரு செய்தி. ஒவ்வொரு முறை கொதித்து ஆறும்போதும் அந்த ரப்பர் கொஞ்சம் இறுகுகிறது. கண்ணுக்குப் புதுசாகத் தெரிந்தாலும், பதம் என்று ஒன்று அதற்கு இனி வராமலே போகலாம்.

பந்தய டயருக்கும் சாலை டயருக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. பிரெல்லியின் சூப்பர்கோர்சா குடும்பத்தில் எஸ்சி பந்தயத்துக்கு, எஸ்பி சாலைக்கு. எஸ்சியிலும் வரிப்பள்ளம் இருக்கும்; அதைப் பார்த்துச் சாலை டயர் என்று ஏமாறக் கூடாது, ரப்பர் வேறு.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதைக்கு எப்போதாவது தன் பைக்கையே ஓட்டிப்போய் நாலு சுற்று சுற்றிப் பார்க்கிறவருக்கு ஸ்லிக் வேண்டாம். நல்ல ஸ்போர்ட்ஸ் சாலை டயர் போதும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பாதையில் டயர் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறும் என்பதால், தயாரிப்பாளர் பாதைக்கென்று சொல்லும் அளவுக்குக் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு சுற்று மெதுவாக. சாயங்காலம் வெளியே வந்ததும் எதிரே பெங்களூரு நெடுஞ்சாலை, லாரிகள், மணல். கேட்டைத் தாண்டுவதற்குள் காற்றை மறுபடி ஏற்றிக்கொள்ள ஒரு பம்ப் கையில் இருக்கட்டும்.