பிறஷர் பெரியவர்களின் நோயா?

“பிறஷர் என்பது கதிரையில் இருந்து யோசித்து வேலைசெய்யும் பெரிய உத்தியோகத்தர்களுக்கு வருவது, வெயிலில் நின்று பாடுபடும் எங்களுக்கு அது எங்கே வரப்போகிறது?” என்ற பேச்சை நாம் ஊர்களில் அடிக்கடி கேட்கிறோம். உடலை அசைத்து வாழ்வது இருதயத்துக்கு நல்லது என்பது உண்மையே. ஆயினும் உழைப்பு வேறு, உழைப்போடு சேர்ந்துவரும் மன நெருக்கீடு வேறு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாததால் எம்மிற் பலர் தமது குருதி அமுக்கத்தை ஒருநாளும் அளந்து பார்ப்பதில்லை.

அமுக்கம் ஏன் ஏறுகிறது?

நீரிறைக்கும் இயந்திரம் குழாய் வழியே தண்ணீரைத் தள்ளுவதுபோல இருதயம் குருதியைத் தள்ளுகிறது. குழாய் ஒடுங்கினால் அமுக்கம் கூடும். இயந்திரமும் கூடுதலாக உழைக்கவேண்டி வரும். வரப்பில் நடக்கும்போது காலடியில் பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது. அதிரினலின் முதலிய ஓர்மோன்கள் சுரந்து இருதயத் துடிப்பைக் கூட்டி, பல குருதிக் குழாய்களைச் சுருக்குகின்றன. அந்நேரம் குருதி அமுக்கமும் ஏறுகிறது. பாம்பு போனபின் எல்லாம் தணிந்துவிடும். இது எம்மைக் காப்பதற்கான ஏற்பாடு.

ஆனால் கிழமைக்குக் கிழமை வரும் கடன் தவணையும், நாளைக்கு வேலை கிடைக்குமோ என்ற ஏக்கமும், மேற்பார்வையாளரின் ஏச்சும் பாம்பைப்போல விலகிப் போவதில்லை. உடல் தணிவதற்கு நேரம் கிடைப்பதில்லை. நித்திரை குறைகிறது. ஆறுதல் தேடி பீடிக்கும் சாராயத்துக்கும் கை போகிறது. இவையாவும் சேர்ந்து காலப்போக்கில் குருதிக் குழாய்களைப் பழுதாக்கி, மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் வழிவகுக்கின்றன.

இலண்டனில் கண்ட உண்மை

பெரிய பதவியில் உள்ளவர்களுக்குத்தான் இருதய நோய் என்ற எண்ணம் எமது ஊருக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவிலும் அது நிலவியது. இலண்டன் அரசாங்க அலுவலகங்களில் 1967இல் தொடங்கிய ‘வைற்ஹோல்’ ஆய்வு அந்த எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. 17,500இற்கும் அதிகமான ஆண் ஊழியர்களை ஏழரை வருடங்கள் தொடர்ந்து அவதானித்த மைக்கல் மார்மொற்றும் சக ஆய்வாளர்களும் 1978இல் தமது முடிவை வெளியிட்டனர். உச்சப் பதவியில் இருந்தவர்களைவிட, கடைசிப் படியில் இருந்த சிற்றூழியர்கள் இருதய நோயால் இறந்த வீதம் 3.6 மடங்காக இருந்தது. சிற்றூழியரிடையே புகைபிடித்தலும் உயர் குருதி அமுக்கமும் அதிகமாக இருந்தன. ஆனால் அவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பின்னரும் வேறுபாடு பெருமளவில் எஞ்சி நின்றது.

அவ்வாறாயின் காரணம் என்ன? 1985இல் 10,308 ஆண்களையும் பெண்களையும் கொண்டு இரண்டாவது ஆய்வு தொடங்கப்பட்டது. தமது வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் எவ்வித சொல்லும் இல்லாதவர்களுக்கே இருதய நோய் கூடுதலாக வந்ததை அது காட்டியது. ஐரோப்பிய நாடுகளின் 13 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2012இல் வெளியான கணிப்பும் இதையே உறுதிசெய்தது. வேலைச்சுமை அதிகமாகவும் தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் உள்ளவர்களுக்கு இருதய நோய் ஆபத்து ஏறத்தாழ 23 வீதம் கூடுதலாக இருந்தது. புகைபிடித்தலின் தீங்கு இதைவிடப் பெரிது என்பதையும் நாம் மறக்கலாகாது.

எமது நிலை

தன் சொந்த வயலில் நின்ற கமக்காரன் எப்போது விதைப்பது, எப்போது களை பிடுங்குவது, உச்சி வெயிலில் எவ்வளவு நேரம் மரநிழலில் இருப்பது என்பதையெல்லாம் தானே தீர்மானித்தான். காணியை விட்டு இடம்பெயர்ந்து கூலிக்குப் போனவனுக்கு உடலுழைப்புக் குறையவில்லை; தீர்மானிக்கும் உரிமையே பறிபோனது. கூலி வேலை முடித்து வந்து அடுப்பும் மூட்டும் பெண்களின் பாரம் இன்னும் பெரிது. ஆகவே இலண்டன் சிற்றூழியருக்கு நேர்ந்தது எமக்கு நேராது என்று நாம் இருந்துவிட முடியாது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, அளந்து பார்ப்போம். உயர் குருதி அமுக்கம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகவே பார்க்கலாம். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கவேண்டும்; அரை மணித்தியாலத்துக்குள் தேநீரோ புகையோ கூடாது. வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் வைத்தியரின் ஆலோசனை அவசியம். கிளினிக்குக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடுமே என்பது நியாயமான கவலை. மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுதி, ஊரிலேயே ஒரு மாலை வேளையில் அளக்க ஒழுங்கு செய்யும்படி கேட்கலாம்.

இரண்டாவதாக, தந்த குளிசையை ஒழுங்காக எடுப்போம். “இப்போது சுகம்” என்று தாமாகவே நிறுத்துவோர் பலர். அமுக்கம் தணிந்திருப்பது அந்தக் குளிசையால்தான்.

மூன்றாவதாக, உப்பைக் குறைப்போம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே போதும். கருவாடும் ஊறுகாயும் இதில் அடங்கும். புகையிலையை முற்றாக விடுவோம்.

நான்காவதாக, இழந்த சொல்லுரிமையில் ஒரு பங்கையாவது மீட்போம். தனித்தனியாகப் போகாமல் பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்து வேலை பொறுப்பெடுத்தால் நேரம், கூலி, மத்தியான ஓய்வு, குடிதண்ணீர் ஆகியவற்றை முன்கூட்டியே பேசித் தீர்க்கலாம். கடன் நெருக்கடியை மனதிற்குள் பூட்டி வைக்காமல் சங்கத்தில் எடுத்துரைப்பதும் பாரத்தைக் குறைக்கும். குடிசையைச் சுற்றி நாலு பாத்தி இருந்தால், அங்கே என்ன நடுவது என்பதையாவது நாமே தீர்மானிக்கலாம்.

நெஞ்சை அமத்தும் நோ, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் என்பன மாரடைப்பின் அறிகுறிகள். முகம் கோணுதல், ஒரு பக்கக் கை சோருதல், பேச்சுக் குழறுதல் என்பன பாரிசவாதத்தின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் வாய்வு என்று எண்ணிக் கைவைத்தியம் செய்து காத்திராமல், உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்சைப் பெறுங்கள். வேலையைப் பிறகு பார்க்கலாம். வீட்டின் உழைப்பாளி விழுந்தால் குடும்பமே விழுந்துவிடும்.