காக்கும் மரபணு எங்கே காக்கிறது?

எதிர்ப்புச் சக்தி கூடக்கூட நோய் விலகும் என்பது நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை. மலேரியாவைத் தாங்கும் ‘நல்ல மரபணு’ எது என்ற தேடலும் அதிலிருந்தே பிறக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் உயிர்களை, அதிலும் பெரும்பாலும் ஐந்து வயது நிரம்பாத ஆப்பிரிக்கக் குழந்தைகளை, பறிக்கும் நோய் இது. தேடுவதில் தவறே இல்லை. ஆனால் இதுவரை கிடைத்த சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், கேள்வியைத்தான் மாற்ற வேண்டும் என்று தோன்றுகிறது. ஒரு மரபணு காக்குமா என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த ஊரில், எந்த ஒட்டுண்ணியிடமிருந்து, என்ன விலைக்குக் காக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் கடும் மலேரியா கண்ட குழந்தைகளையும் காணாத குழந்தைகளையும் ஒப்பிட்டு, ஏட்ரியன் ஹில் குழுவினர் 1991இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எச்.எல்.ஏ. என்னும் மரபணுத் தொகுதியில் பி53 என்ற வகையைப் பெற்றிருந்த குழந்தைகளுக்குக் கடும் மலேரியா குறைவாகவே வந்திருந்தது. எச்.எல்.ஏ. புரதங்களின் வேலை, உயிரணுவுக்குள் நுழைந்த கிருமியின் சிறு துணுக்கை வெளிப்பரப்பில் ஏந்திக் காட்டுவது. அதைக் கண்டுகொள்ளும் டி அணுக்கள் என்ற எதிர்ப்பணுக்கள் அந்த உயிரணுவையே அழித்துவிடும். கொசு கடித்ததும் ஒட்டுண்ணி நேரே சிவப்பணுவுக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலில் சில நாள் தங்கிப் பெருகுகிறது. உட்கரு இல்லாத சிவப்பணுவில் இந்த எச்.எல்.ஏ. காவல் கிட்டத்தட்ட இல்லை என்பதால், டி அணுக்கள் ஒட்டுண்ணியைப் பிடிக்கக் கல்லீரலில்தான் வாய்ப்பு. பி53 ஏந்திக் காட்டுவதும் கல்லீரல் பருவத்துப் புரதம் ஒன்றின் துணுக்கைத்தான் என்று அடுத்த ஆண்டே தெரிந்தது. தனி மனிதருக்கு இந்த வகை தரும் காப்பு, மலேரியாவைத் தாங்குவதற்குப் பெயர்பெற்ற, சிவப்பணு சார்ந்த அரிவாள் செல் மரபணு தருவதைவிடக் குறைவு. ஆனாலும் அங்கே இது மிகப் பரவலாக இருப்பதால், இதனோடு கண்டறியப்பட்ட இன்னொரு எச்.எல்.ஏ. அமைப்பையும் சேர்த்தால், அரிவாள் செல் மரபணு தடுக்கும் அளவுக்கு நோயைத் தடுக்கிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் ‘நல்ல மரபணு’ கிடைத்துவிட்டது எனலாம். ஆனால் கென்யாவில் தேடியபோது பி53இன் காப்பு தென்படவில்லை. புர்க்கினா பாசோவில் ஃபுலானி மக்களும் மோசி மக்களும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். கொசுக்கடியும் ஏறத்தாழ ஒன்றுதான். ஃபுலானிகளுக்கு நோய் குறைவு, மலேரியாவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் அதிகம். ஆனால் பி53உம் அரிவாள் செல் மரபணுவும் அவர்களிடம் மோசிகளைவிடக் குறைவாகவே இருக்கின்றன! ஒட்டுண்ணியும் சும்மா இருப்பதில்லை. அதன் ஒரே புரதம் பல வடிவங்களில் உலவுவதையும், இரு வடிவங்கள் ஒரே உடலில் சேரும்போது ஒன்றுக்கு எதிரான டி அணுவை மற்றொன்று முடக்கிவிடக்கூடும் என்பதையும் காம்பிய ஆய்வு ஒன்று 1998இல் காட்டியது.

விலையைப் பற்றி இன்னும் கவலையோடு பேச வேண்டும். டி.என்.எஃப். என்ற புரதம் காய்ச்சலை மூட்டி ஒட்டுண்ணியை அடக்க உதவுகிறது. அதன் சுரப்பைக் கூட்டுவதாகக் கருதப்படும் மரபணு மாற்றத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற காம்பியக் குழந்தைகளுக்கு, மூளை மலேரியாவால் இறக்கும் அல்லது கடுமையான நரம்புப் பாதிப்பு அடையும் அபாயம் ஏழு மடங்கு என்று 1994இல் தெரிந்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இதே முடிவு கிடைக்கவில்லை. ஆனால் எதிர்ப்பு எல்லை மீறினால் உடலையே தாக்கும் என்பதில் ஐயமில்லை. எதிர்ப்பைத் தணிக்கும் எஃப்.சி. காமா ஏற்பி 2பி என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். அது சரிவர வேலை செய்யாதபடி ஆக்கும் ஒரு மாற்றத்தின் இரு பிரதிகளையும் கொண்ட கென்யக் குழந்தைகளுக்குக் கடும் மலேரியா குறைவு. அதே மாற்றம், எதிர்ப்பு உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது.

எதிர்ப்பு மரபணுக்களுக்கு இவ்வளவு இடம் தருவதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியாவின் 11 நாடுகளில் 17,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், அரிவாள் செல், ஓ ரத்த வகை, கிளைக்கோஃபோரின் என்று சிவப்பணு சார்ந்த மரபணுக்களே முன்னணியில் நின்றன, எச்.எல்.ஏ. அல்ல. அப்படியானால் எதிர்ப்பு மரபணுக்களுக்குப் பங்கே இல்லையா? நான் அப்படி எண்ணவில்லை. ஒட்டுண்ணி எந்த வடிவத்தில் வந்தாலும் சிவப்பணுவுக்குள் புகுந்தே ஆகவேண்டும். ஆகவே அங்கே உள்ள தடை எல்லா ஊரிலும் வேலை செய்கிறது. எச்.எல்.ஏ.வோ ஆயிரக்கணக்கான வகைகள் கொண்டது, ஒட்டுண்ணியின் உள்ளூர் வடிவத்தைப் பொறுத்தது. பல நாடுகளைக் கலந்து சராசரி எடுத்தால் மங்கிப்போவது இத்தகைய காப்புதான். சராசரியில் தெரியவில்லை என்பதால் மட்டும் அது இல்லை என்று ஆகிவிடாது.

காப்புக்கும் ஒட்டுண்ணியின் வடிவங்களுக்கும் இடையிலான இதே இழுபறியைத் தடுப்பூசியிலும் காண்கிறோம். 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்.டி.எஸ்.,எஸ். தடுப்பூசி ஒட்டுண்ணியின் ஒரே ஒரு வடிவத்தின் புரதத்தால் ஆனது. ஐந்து முதல் பதினேழு மாதக் குழந்தைகளிடம் முதல் ஆண்டில், அந்த வடிவத்தோடு ஒத்த ஒட்டுண்ணிக்கு எதிராக அதன் திறன் சுமார் 50 விழுக்காடு. ஒவ்வாத வடிவங்களுக்கு எதிராகச் சுமார் 33 விழுக்காடு. ஹில் வழிநடத்திய ஆக்ஸ்ஃபோர்டு குழு உருவாக்கி, புனேயில் தயாராகி, 2023இல் பரிந்துரை பெற்ற ஆர்21 தடுப்பூசியும் அதே புரதத்தைத்தான் நம்பியிருக்கிறது.