எல்லாம் என்பதில் அடங்காதவை

ஆவணப்படுத்தல் பற்றி எம்மவர் மத்தியில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் எதைச் சேர்ப்பது, எதை விடுவது, யார் சொன்னதை நம்புவது என்ற கேள்விகளோடு நின்றுவிடுகின்றன. சேர்த்ததை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது வெறும் கைவேலை என்றே நானும் எண்ணியிருந்தேன். அந்தக் கைவேலையில் நான் விட்ட பிழையொன்றையும், அதற்குக் காரணமான ஒரு சின்னக் குறியையும் பற்றியதே இக்கட்டுரை.

நான் யாழ்ப்பாணத்தில் அளவையியல் படிப்பித்தவன். இப்போது ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். கணனி என் தொழில் அல்ல. சில வருடங்களுக்கு முன் என் நண்பர் ஒருவர் காலமானார். ஊரிலிருந்து இங்கு வந்து சேர்ந்த முதியவர்களிடம் அவர் பல வருடங்களாக வாய்மொழிச் சாட்சியங்களைக் கேட்டு, பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து வைத்திருந்தார். லினக்ஸ் பொருத்திய அவரது பழைய கணனியை அவரது மனைவி என்னிடம் ஒப்படைத்தார். நான் எல்லாவற்றையும் வேறொரு வட்டில் பிரதி செய்தேன். செய்தேன் என்று நம்பினேன். பிறகு பழைய வட்டைத் துப்புரவாக அழித்து, கணனியை ஒரு மாணவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

புதிய கணனியில் கோப்புகளைத் திறந்தபோது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குவியலாகக் கிடந்தன. யூனிகோட் பரவலாவதற்கு முந்திய பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுபவை. எழுத்துரு இல்லையெனில் தமிழும் இல்லை. பாமினியைத் திரும்ப எடுத்துப் பொருத்த அரை மணித்தியாலம் போதுமாயிருந்தது. ஆனால் சாட்சியங்களில் பெயர்கள் இல்லை. முதலாமவர், இரண்டாமவர் என இலக்கங்களே இருந்தன. பெயர்ப்பட்டியல் தனியே இருப்பதாக ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. நண்பரின் மனைவியிடம் கேட்டேன். "ஓம், அண்ணை, அதை வீட்டுக்கு வாறவை பாக்கக்கூடாதெண்டு முன்னாலை ஒரு குத்துப் போட்டு வைச்சிருக்கிறன் எண்டு சொன்னவர்" என்றார்.

அந்தக் குத்து என்ன செய்கிறது என்பதை விளக்க வேண்டும்.

நாம் தட்டும் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். இச்சொல் எம்மவர் காதில் வேறு ஒலி எழுப்பும் என்பதை அறிவேன். இங்கு அது கருவைச் சுற்றியுள்ள ஓடு என்ற பொருளில் வருகிறது. கோப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டாமல் ஒரு மாதிரியுருவைக் கொடுக்கலாம். * என்பது எத்தனை எழுத்துகளுக்கும், எழுத்தே இல்லாமைக்கும் பொருந்தும். ? என்பது ஒரேயொரு குறிக்குப் பொருந்தும். (தமிழில் பெயரிட்டால் 'கு' என்ற ஓரெழுத்து, ககரமும் உகரக் குறியுமாக இரண்டெனவே கணிக்கப்படும், அதற்கு?? வேண்டும்.) பகர அடைப்புக்குள் இடப்படும் குறிகளில் ஏதேனும் ஒன்று பொருந்தும், அடைப்பின் தொடக்கத்தில்! இட்டால் அவை தவிர்ந்த வேறொன்று பொருந்தும்.

இங்கு கவனிக்க வேண்டியது, பிரதி செய்யும் கட்டளை * என்ற குறியைப் பார்ப்பதேயில்லை என்பதாகும். ஷெல்லே அதைப் பெயர்களாக விரித்துக் கையளிக்கிறது. ஆரம்பகால யூனிக்ஸில் இவ்வேலைக்கு குளோப் என்ற தனி நிரல் இருந்தது. 1979இல் வந்த ஏழாம் பதிப்பில், போர்ன் ஷெல்லோடு அது ஷெல்லின் உள்ளேயே வந்துவிட்டது.

இந்த விரிப்புக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பெயர் புள்ளியில் தொடங்கினால், அப்புள்ளியை நாம் வெளிப்படையாக எழுதினாலன்றி எந்த மாதிரியுருவும் அதற்குப் பொருந்தாது. * பொருந்தாது; ? பொருந்தாது, பகர அடைப்பும் பொருந்தாது. நண்பரின் பட்டியலும், எழுத்துருக்கள் இருந்த கோப்புறையும் புள்ளியில் தொடங்கின. நான் * என்று தட்டினேன். ஷெல் அவ்விரண்டையும் தவிர்த்து மற்றவற்றைக் கொடுத்தது. பிழை என்று எதுவும் திரையில் தோன்றவில்லை. அதன் கணக்கில் பிழை எதுவும் நடக்கவுமில்லை.

இவ்வழக்கம் எப்படி வந்தது? இதற்கு ரொறன்ரோவோடு ஒரு தொடர்பு உண்டு. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் படித்து, பின்னர் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரொப் பைக் 2012இல் இதைப் பற்றி எழுதினார். (ரொறன்ரோவிலேயே பிறந்து இதே பல்கலைக்கழகத்தில் படித்த பிரயன் கேர்னிகனுடன் சேர்ந்து 1984இல் யூனிக்ஸ் பற்றிய புகழ்பெற்ற நூலொன்றை எழுதியவரும் இவரே.) ஒவ்வொரு கோப்புறையிலும் இரண்டு பதிவுகள் தாமாகவே இருக்கும்: . என்பது அக்கோப்புறையையே குறிக்கும்; .. என்பது அதன் மேலுள்ளதைக் குறிக்கும். பட்டியலிடும்போது இவை இரண்டும் தோன்றாமலிருக்க, கென் தொம்ஸனோ டெனிஸ் ரிச்சியோ நிரலில் ஒரு சிறு சோதனையைச் சேர்த்தார். பெயர் முழுவதையும் ஒப்பிடாமல், முதற்குறி புள்ளியா என்று மட்டும் பார்த்தார். அதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயர்களும் மறைந்துபோயின. பின்வந்தவர்கள் தம் நிரல்களின் அமைப்புக் கோப்புகளை அந்த மறைவிலேயே இடத் தொடங்கினர். மறைகோப்பு என்பது யாரும் திட்டமிட்டு உண்டாக்கியதல்ல, குறுக்குவழியொன்றின் விளைவு என்பதே பைக்கின் கருத்து.

அப்படியாயின் மறைந்தவற்றைப் பிடிப்பது எப்படி? .* என்று எழுதலாமே என எவரும் எண்ணுவர். ஆனால் அது . என்பதற்கும் .. என்பதற்கும் கூடப் பொருந்தும். கோப்புகளின் உரிமையாளரை உள்ளடுக்குகள் வரை மாற்றும் கட்டளைக்கு இதைக் கொடுத்தால், அது .. வழியாக மேலே ஏறி அயல் கோப்புறைகளையும் மாற்றிவிடும். அழிக்கும் கட்டளை மட்டும் இவ்விரண்டையும் தொட மறுக்கும். பொசிக்ஸ் தரநிலை அவ்வாறு விதிக்கிறது. 2022இல் வெளிவந்த பாஷ் 5.2இல் .* இவ்விரண்டையும் இயல்பாகவே விலக்கிவிடுகிறது. சீ ஷெல்லுக்குப் பின்வந்த இஸட் ஷெல்லிலும் அப்படித்தான். எனினும் பழைய பாஷ் இன்னமும் பல கணனிகளில் ஓடுகிறது.

எங்கும் பொருந்தக்கூடிய வழி இரண்டு மாதிரியுருக்களைச் சேர்த்து எழுதுவது. .[!.]* என்பது ஒரு புள்ளி, பின்பு புள்ளியல்லாத ஒரு குறி, பின்பு எதுவும் என்று பொருள்படும். இதில் இரு புள்ளிகளில் தொடங்கும் பெயர்கள் தப்பிவிடும். அவற்றுக்கு ..?* வேண்டும்: இரு புள்ளிகள், குறைந்தது இன்னுமொரு குறி, பின்பு எதுவும். * உட்பட மூன்றும் சேர்ந்தாலே 'எல்லாம்' ஆகும். பொருந்தும் பெயர் எதுவும் இல்லாவிடின் பாஷ் அம்மாதிரியுருவையே பெயரெனக் கையளித்து, அப்படியொரு கோப்பு இல்லை என்ற முறைப்பாட்டைப் பெற்றுத்தரும். அதற்குப் பயப்படத் தேவையில்லை. பாஷில் டாட்குளோப் என்ற தெரிவை இயக்கினால் * மறைகோப்புகளையும் சேர்த்துக்கொள்ளும்.

பிரதி செய்வதற்கு இவையெல்லாம் தேவையேயில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். மூலக் கோப்புறையின் பெயரையே கொடுத்தால், பிரதிக் கட்டளை தானே உள்ளே இறங்கி, புள்ளியோ புள்ளியில்லையோ அனைத்தையும் எடுக்கும். மறைப்பு, * விரிக்கப்படும் அந்த ஒரு மட்டத்தில் மட்டுமே நிகழ்கிறது. பழையதை அழிக்குமுன் இரு கோப்புறைகளையும் டிஃப் கட்டளையால் உள்ளடுக்குகள் வரை ஒப்பிட்டிருந்தால் பட்டியல் விடுபட்டது உடனே தெரிந்திருக்கும். நான் செய்யாதது அந்த ஒரு நிமிட வேலையே.

அளவையியலில் 'எல்லா' என்று தொடங்கும் எடுப்பொன்றைக் கண்டால், எந்தப் பரப்பில் எல்லாம் என்று முதலில் கேட்க வேண்டும் என மாணவருக்குப் பல வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கரும்பலகையில் சொன்னதை விசைப்பலகையில் மறந்தேன். எமது மக்கள் எல்லோரும் என்று தொடங்கும் அறிக்கைகளை வாசிக்கும்போதும் இப்போது இக்கேள்வியே முதலில் எழுகிறது. அந்த 'எல்லோரும்' விரியும்போது எவருடைய பெயர்கள் சத்தமின்றித் தவிர்க்கப்படுகின்றன? தவிர்த்தவருக்கே அது தெரியாமலிருக்கலாம் என்பதற்கு நானே சாட்சி.

பட்டியல் அழிந்தது நல்லதே, பெயர் வெளிவந்தால் ஊரிலுள்ள உறவினருக்கு ஆபத்து என்று சில நண்பர்கள் வாதிடுகின்றனர். இவ்வாதத்தை நான் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, புள்ளி பூட்டு அல்ல. பட்டியலிடும் கட்டளையோடு ஓரெழுத்தைக் கூடத் தட்டினால் மறைகோப்பு எவர் கண்ணுக்கும் தெரியும். நம்பிச் சொன்னவர்களின் பெயர்களைக் காக்க நண்பர் குறியாக்கம் செய்திருக்க வேண்டும். அவரது காவல் பெயரளவிலானது. அது எதிரியைத் தடுக்கவில்லை, என்னைத்தான் ஏமாற்றியது. மற்றது, அழிப்பது தகுமா என்பது ஆராய்ந்து எடுக்கவேண்டிய முடிவு. அம்முடிவை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை, சொன்னவர்களிடமும் எவரும் கேட்கவில்லை.

இப்போது வார இறுதிகளில் அச்சாட்சியங்களை ஒவ்வொன்றாக வாசித்து, ஊரையும் வயதையும் கொண்டு ஆட்களை அடையாளம் காண முயல்கிறேன். நால்வரைக் கண்டுபிடித்து, அவர்கள் வீடு சென்று பெயரை எழுதலாமா என்று கேட்டேன். மூவர் சம்மதித்தனர். நான்காமவர், ஒரு மூதாட்டி, "வேண்டாம் தம்பி, இலக்கமாகவே இருக்கட்டும்" என்றார். அவருடையதை இலக்கமாகவே வைத்திருக்கிறேன்.