பதினாறு அங்குலத்துக்கு ஒரு மைல்

டீ ஆறட்டும், அதற்குள் இந்தப் பழைய கிராம வரைபடத்தை விரித்துப் பார்த்துவிடலாம். தருமபுரிப் பக்கம் நிலம் வாங்குகிறவர்கள் பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் கேட்கிறார்கள். இதை மட்டும் கேட்பதில்லை. எனக்கு அதில் மனத்தாங்கல்தான்.

இந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து, நம் தருமபுரி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே வயல் வயலாக அளந்து வரிக்கணக்கு எழுதினார்கள். விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு வித்து விழுந்தது இந்த மண்ணில்தான். சென்னை மாகாணத்தில் ரெவின்யூ சர்வே 1858இல் ஆரம்பித்தது. இன்று நாம் சொல்லும் சர்வே எண்கள் அதன் வழி வந்தவை. வரிக்காக வரைந்தது ஊருக்குச் சாட்சியாகிவிட்டது.

இப்போது படத்துக்கு வருவோம். பழைய அளவு, மைலுக்குப் பதினாறு அங்குலம். அப்படியானால் ஓர் அங்குலம் 330 அடி, அதாவது சரியாக ஐந்து சங்கிலி. ஒரு சங்கிலி 66 அடி, அதில் நூறு கண்ணி. ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். படத்தில் ஒரு சதுர அங்குலம் என்றால் தரையில் இரண்டரை ஏக்கர். ஸ்கேல் இருந்தால் போதும், நீங்களே கணக்குப் போடலாம்.

ஏரியிலிருந்து கிளம்பி அடுத்த ஏரிக்குப் போகிற இந்தக் கோட்டைப் பாருங்கள். ஓடை. நம் வறண்ட பூமியில் இது வருஷத்தில் சில நாள்தான் ஓடும், சில வருஷம் அதுவும் இல்லை. அதனால் ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள். மண்ணடித்து மனை போட்டு விற்றுவிடுகிறார்கள். பெருமழை வந்தால் தண்ணீர் பழைய தடத்தைத் தேடி வீட்டுக்குள் வரும், கீழேயிருக்கிற ஏரியோ காய்ந்து கிடக்கும்.

மனை பார்க்கப் போகிறீர்களா? முதலில் சர்வே பிரிவில் பழைய படத்துக்கும் புலப்படத்துக்கும் நகல் கேளுங்கள். மனையின் சர்வே எண்ணுக்கு அ-பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு என்றிருந்தால், விலையை எவ்வளவு குறைத்தாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.