கூடை சுமந்த கழுத்துக்கு ஒரு சிலை

மெரினாவுக்குப் போகிற நம் தோட்டத்துப் பிள்ளைகள் உழைப்பாளர் சிலை முன்னால் நின்று படம் பிடித்து அனுப்புகிறார்கள். நான்கு ஆண்கள் உடம்பை வில்லாக வளைத்துப் பாறையை நெம்புகிறார்கள். பதுளையில் இருந்து பார்க்கும் எனக்கு, அவர்கள் அலவாங்கு போட்டுக் கல் புரட்டி மலை திருத்திய நம் பாட்டன்மார்.

அந்தச் சிலையை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899இல் ரங்பூரில் பிறந்தவர். அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமை தாங்கினார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. மல்யுத்தம் பழகியவர் என்பதால், பாரம் ஏறும்போது எந்தத் தசை இறுகும் என்று அவருக்குத் தெரியும். பள்ளியின் இரவுக் காவலாளியையே மாதிரியாக நிறுத்தினார் என்பார்கள். சிலை 1959இல் நிறுவப்பட்டது. அதில் தலைவர் முகம் ஒன்றுகூட இல்லை.

1942இல் பட்னாவில் சுடப்பட்ட ஏழு மாணவர்களுக்கும் சிலை செய்தவர் அவர்தான். 1940இல் பதுளை வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்களை நம் பிள்ளைகளுக்கு எதைக் காட்டிச் சொல்வோம்? ஹப்புத்தளைக்கு மேலே லிப்டன் சீட்டில் தோட்ட முதலாளி சிலையாக அமர்ந்திருக்கிறார். சுற்றுலா வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். கீழே மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குச் சிலை எதுவும் ஊவாவில் என் கண்ணில் பட்டதில்லை.

சிலை வைத்தால் சம்பளம் கூடுமா என்று கேட்பார்கள். கூடாதுதான். என் பயம் வேறு. காவலாளியின் உடம்பு கண்முன் இருந்ததால்தான் சௌத்ரியால் வடிக்க முடிந்தது. நம் மலைகளில் கூடை போய்ச் சாக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். நெற்றியில் கயிறு மாட்டி, இடுப்பில் படங்கு கட்டி, கூடை சுமந்து ஏறுகிறவளின் கழுத்து எப்படி முன்னால் சாயும் என்பதைப் பார்த்த கண்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அந்தக் கழுத்து மெரினாவிலும் இல்லை. அங்கே நால்வரும் ஆண்கள்.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் களிமண் பிசையத் தெரிந்த பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். கூடை சுமந்த பாட்டி ஒருத்தியை அதன் முன் உட்கார வையுங்கள். பாட்டி இருக்கும்போதே செய்யுங்கள்.