வேரும் துறையும்: புரதப் பிணைப்பைக் கணனியில் ஆராயும் முறை

ஊர்காவற்றுறையைச் சூழ்ந்த தீவுகளின் மணற்றரையிலே ஒரு காலத்திற் சாயவேர் கிண்டப்பட்டது. ஒல்லாந்தர் ஆட்சியில் அவ்வேர் அரசின் தனியுரிமையாயிருந்தது. வேர் கிண்டும் கடமை சாதியடிப்படையில் உழைக்கும் மக்கள் மீது சுமத்தப்பட்டிருந்தது. வேரைக் கிண்டியோர் ஒரு சாரார். அதன் செந்நிறத்தை விலையாக்கியோர் வேறொரு சாரார். புரதங்களோடு பிற மூலக்கூறுகள் பிணையும் வகையினைக் கணனியிலே கணிக்கும் முறையை விளக்கப் புகும் நாம், இவ்வேரிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு.

சாயவேரின் நிறத்துக்குக் காரணமான பொருள்களுள் ஒன்று அலிசரின். 1868இல் ஜேர்மனியரான கிரேபேயும் லீபர்மானும் அதனை ஆய்வுகூடத்திலே செயற்கையாக ஆக்கினர். தொழிற்சாலைச் சாயம் பெருகவே வேர்ச்சாயம் சந்தையை இழந்தது. அச்சாயத் தொழில் வளர்ந்த சூழலிலேயே போல் ஏர்லிக் என்னும் மருத்துவ அறிஞர், சில சாயங்கள் சில இழையங்களை மாத்திரமே பற்றுவதை ஆராய்ந்தார். ஒரு பொருள் உடலிலே வினையாற்ற வேண்டுமாயின், அது முதலில் உடலின் ஏதோ ஒரு கூற்றோடு பிணைதல் வேண்டும் என்னும் கருத்தை அவர் வலியுறுத்தினார். நொதியத்துக்கும் அது தாக்கும் பொருளுக்குமுள்ள பொருத்தத்தை 1894இல் எமில் பிஷர் பூட்டுக்கும் திறப்புக்குமுள்ள பொருத்தமாக உவமித்தார். இன்றைய கணனி முறையின் கருத்தடிப்படை இவற்றிலேயே அமைந்துள்ளது எனலாம்.

புரதம் என்பது அமினோவமிலங்கள் கோத்த நெடுஞ்சங்கிலி. அது தன்னுள் மடிந்து முப்பரிமாண வடிவத்தைப் பெறும்போது அதன் மேற்பரப்பிலே குழிகள் அமைகின்றன. சங்கிலி எவ்வாறெல்லாம் மடியலாம், எவ்வாறு மடிய இயலாது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோர் 1963இல் வரைபடமாக்கிக் காட்டினர். இரண்டு அணுக்கள் ஒன்றன் இடத்தை மற்றையது கவர இயலாது என்னும் எளிய நியதியே அவர்தம் கணிப்பின் அடிப்படை. பிணைப்புக் கணிப்பிலும் இந்நியதியே முதற்படியாகின்றது.

இம்முறையை ஆங்கிலத்திலே 'டொக்கிங்' என்பர். கப்பல் துறையை அடைதலைக் குறிக்குஞ் சொல் அது. துறையைப் பெயரிலேயே கொண்ட ஊரவருக்கு இவ்வுவமை அந்நியமானதன்று. தோணியொன்று துறையிற் சேரும்போது அதன் முகம் எத்திசை நோக்கியது, அடிப்பாகம் ஆழத்துக்கு ஏற்றதா, கட்டுவதற்குத் தூண் எங்குள்ளது என்பனவெல்லாம் நோக்கப்படும். கணனியும் இவ்வாறே இரண்டு பணிகளைச் செய்கின்றது. முதலாவது, சிறு மூலக்கூறைத் திருப்பியும் வளைத்தும் குழியிலே பல்லாயிரம் நிலைகளிற் பொருத்திப் பார்த்தல். இரண்டாவது, ஒவ்வொரு நிலைக்கும் மதிப்பெண் இடுதல். வடிவப் பொருத்தம், ஐதரசன் பிணைப்பு, எதிரெதிர் ஏற்றங்களின் கவர்ச்சி, நீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றையொன்று நாடுதல் ஆகியன அம்மதிப்பெண்ணிலே இடம்பெறும். பிணைப்புச் சக்தி குறைவாகக் கணிக்கப்படும் நிலையே உறுதியான பிணைப்பாகக் கொள்ளப்படும்.

இத்தகைய செய்நிரலை 1982இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் குன்ஸ் குழுவினர் முதன்முதலில் வெளியிட்டனர். இன்று பரவலாக வழங்கும் 'ஓட்டோடொக் வைனா' 2010இல் வெளிவந்தது. எவரும் அதை விலையின்றிப் பெறலாம். புரத அமைப்புகளைத் திரட்டி வைக்கும் தரவுவங்கி 1971இல் ஏழே அமைப்புகளோடு தொடங்கியது. இன்று அவை இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டன. அதுவும் அனைவர்க்கும் பொது. அறிவுக்கருவி பொதுவுடைமையாதல் எத்துணை பயனுடையது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஆயினும் கணிப்பு நிரூபணம் அன்று. புரதம் கல்லிற் செதுக்கிய துறையன்று. பிணையும் பொருளுக்கேற்பத் தானும் வடிவம் மாறுவது என 1958இலேயே கோஷ்லண்ட் எடுத்துரைத்தார். இவ்வசைவையும் சூழ்ந்துள்ள நீரின் பங்கையும் செய்நிரல்கள் முழுமையாகக் கொள்வதில்லை. 2020இன் கொள்ளைநோய்க் காலத்திற் கபசுரக் குடிநீரின் மூலிகைப் பொருள்களை வைரசுப் புரதங்களோடு பொருத்திப் பார்த்த கணிப்புகள் வெளிவந்தன. பொருந்துகின்றது என்பது ஓர் ஊகம். குணமாக்குகின்றது என்பது நோயாளரிடத்தே சோதித்து நிறுவப்பட வேண்டிய வேறொரு கூற்று. முன்னையதைப் பின்னையதாகக் காட்டிப் பழம்பெருமை பேசுதல் சித்த மருத்துவத்துக்கும் நன்மை பயவாது.

இவ்விடத்திலே நம் நாட்டுத் தாவரமொன்றின் வரலாறு நோக்கத்தக்கது. கடலழிஞ்சில் இனத்தைச் சேர்ந்ததும் சிங்களத்திற் கோதல ஹிம்புட்டு எனப்படுவதுமான கொடியின் மரத்தாற் செய்த குவளையில் இரவு முழுதும் நீரூற்றி வைத்துப் பருகுவது நீரிழிவுக்கான நாட்டு வழக்கு. அதிலிருந்து சலசினோல் என்னும் பொருளை 1997இல் யப்பானிய ஆய்வாளர் பிரித்தறிந்தனர். மாப்பொருளை வெல்லமாக்கும் மனிதக் குடல் நொதியமொன்றிலே இவ்வினப் பொருள்கள் எவ்வாறு அமர்கின்றன என்பதைக் கனடிய ஆய்வாளர் பளிங்கமைப்பின் வழி 2010இற் காட்டினர். அவ்வமைப்பை ஆதாரமாகக் கொண்டு கணனியிலே மாற்றங்களைத் திட்டமிட்டு, அவற்றை ஆய்வுகூடத்தில் ஆக்கிச் சோதித்த யப்பானியர், மூலப்பொருளினும் வலிமை மிக்கவற்றை 2012இல் வெளியிட்டனர். கணிப்பு, ஆக்கம், சோதனை ஆகிய மூன்றும் ஒருங்கிணைந்தமையே இவ்வெற்றியின் அடிப்படை.

தாவரமும் அதனைப் பற்றிய முதலறிவும் இங்குள்ளவை. அவ்வறிவு பெறுமதியாக மாறிய ஆய்வுகூடங்கள் பிறவிடத்தன. சாயவேரின் கதையோடு இதனை ஒப்புநோக்குதல் பொருந்தும். கணிப்புக் கருவி இன்று யாழ்ப்பாணத்து மாணவனுக்கும் மாணவிக்கும் சாதாரணக் கணனியிலேயே கிட்டுகின்றது. ஆனால் பொருளைப் பிரித்தெடுக்கவும் ஆக்கவும் சோதிக்கவும் வேண்டிய சாதனங்கள் செல்வ நாடுகளிலேயே குவிந்துள்ளன. ஊகத்தை மாத்திரம் நாம் உற்பத்தி செய்து, நிரூபணத்தையும் அதன் பயனையும் பிறர்க்கு விடுவோமாயின், வேருக்குப் பதிலாக மதிப்பெண் பட்டியல்களை ஏற்றுமதி செய்பவராவோம். ஆகவே, இம்முறையைக் கற்பதோடு, கணிப்பைச் சோதிக்கும் பொது ஆய்வுகூடங்களைக் கோருவதும், நாட்டு மருத்துவரின் அறிவைப் பெயர்சுட்டி மதிப்பதும் நம் கடமையாகின்றன. துறை நமதாயிருப்பது மட்டும் போதாது. துறையிலே இறங்கும் பொருளின் கணக்கும் நம் மக்கள் கையில் இருத்தல் வேண்டும்.